வீட்டு ரத்தம்

ரொட்டிக்காரரிடம் ஒரு கதை இருந்தது. கடைக்குப் புதிதாக யார் வந்தாலும், பன் சூடாகக் கிடைக்கிறதோ இல்லையோ, கதை சூடாகக் கிடைக்கும்.

“கல்லாவுல உக்காந்துகிட்டு இந்த வாய் பேசுறாளே, இது யாரு ரத்தம்னு நெனைக்கிறீங்க? சாட்சாத் என் ரத்தம். என்கிட்ட வாங்கிக்கிட்டு என்னையே திட்டுறா” என்று ஆரம்பிப்பார்.

“ஆரம்பிச்சாச்சா? ஐயா, நீங்க பன்னை வாங்கிட்டுக் கிளம்புங்க. இவர் முடிக்கிறதுக்குள்ள அது ரஸ்க் ஆயிடும்” என்பாள் மனைவி.

அவர் விடமாட்டார். மகள் பிறந்த நாள். வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. இவர் பெரிய அடுப்புக்கு முன்னால் மாவு பிசைந்துகொண்டிருக்கிறார். பிள்ளை பிறந்துவிட்டது, தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று ஆள் வந்து சொல்கிறான். கையைக்கூடக் கழுவாமல் ஓடுகிறார். நாலே கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி அது. வெளியிலிருந்து ரத்தம் வரவழைக்க நேரமில்லை. இருவருக்கும் ஒரே குரூப் என்று தெரிந்ததும் இவரைப் பெஞ்சில் படுக்கவைத்து எடுத்து, அப்படியே அவளுக்கு ஏற்றினார்கள்.

“என் கையெல்லாம் மைதா. ஊசி குத்தின நர்ஸம்மா கையிலயும் மைதா. உள்ள போனது ரத்தமா மாவான்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் சந்தேகம். அதான் இவ வருஷா வருஷம் உப்பிக்கிட்டே போறா!”

இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் கைத்துண்டால் அவர் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டுச் சிரிப்பாள்.

கதைக்கு வயது ஏற ஏற பாட்டிலும் ஏறியது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது ஒரு பாட்டில் ரெண்டாயிற்று. அவள் வேலைக்குப் போனபோது மூன்று. தட்டிக்கேட்க ஆளில்லை. வாங்கியவள் அன்றைக்கு நினைவில்லாமல் கிடந்தவள். கொடுத்தவர் சொல்வதுதான் கணக்கு. ஏதாவது சண்டை வந்து அவர் தோற்கிற மாதிரி இருந்தால், “மூணு பாட்டிலு!” என்று விரலைக் காட்டுவார். அவள் முணுமுணுத்துக்கொண்டே விட்டுக்கொடுத்துவிடுவாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் காலை முகம் வீங்கி எழுந்தாள். கண் இரண்டும் இடுங்கிக் கிடந்தன. “பாத்தியா, ஈஸ்ட் வேலை செய்யுது” என்றார் ரொட்டிக்காரர். அடுத்த வாரம் கால் வீங்கியது. செருப்பின் வார் பதிந்த தடம் மாலை வரை மறையவில்லை. அதற்கும் அவர் ஒரு ஜோக் வைத்திருந்தார். சாப்பாடு இறங்காமல், இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கி, அவள் கல்லாவிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இரண்டு கிட்னியும் போய்விட்டன என்றார்கள். அந்த ஜோக்குகளை எல்லாம் பிறகு நினைத்து நினைத்து மனுஷன் நாக்கைக் கடித்துக்கொண்டது கொஞ்சமா நஞ்சமா?

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மற்ற நாள் கடை. ‘வீட்டில் படுத்துக் கிட’ என்றால் கேட்கிற ஜாதியா அவள்? கல்லாவை விட்டு அசையமாட்டேன் என்றாள். ரொட்டிக் கடையில் உட்காருவது அடுப்புக்குள் உட்காருவதில் பாதி. வெயில் காலம் வேறு. பின்கட்டில் அடுப்பு எரிய, முன்னால் தார் ரோடு எரிய, நடுவில் அவள். குடிக்க வேண்டிய தண்ணீருக்கு அளவு இருந்தது. காலையில் ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்வாள். அன்றைக்கு அவ்வளவுதான். மருந்து விழுங்கவும் அதில்தான். உதடு வெடித்துப்போய், ஈரத் துணியால் வாயைத் துடைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருப்பாள்.

ரொட்டிக்காரர் அவள் கண்ணில் படும்படி தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். தாகம் எடுத்தால் மைதா மூட்டைகளுக்குப் பின்னால் போய், சத்தம் வராமல் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்.

“மூட்டைக்குப் பின்னாடி என்ன பண்றீங்க? எலி புடிக்கிறீங்களா?”

“ஆமா. பெரிய எலி.”

“மீசையில தண்ணி சொட்டுது. எலி நீச்சல் அடிச்சுதா?”

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு மாவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாற்றுக் கிட்னி வைத்தால் பழையபடி இருக்கலாம் என்றார்கள். யாராவது கொடுக்க வேண்டும். முதலில் மார்தட்டி வந்தவன் அவள் தம்பி. கடையின் வண்டியை ஓட்டிக்கொண்டு ஊரெல்லாம் ரொட்டி போடுகிறவன். வாய் மூடாமல் பேசுவதால் அவனுக்கு ரேடியோ என்றே பெயர். “அக்காவுக்கு இல்லாத கிட்னி எனக்கு எதுக்கு மாமா? ரெண்டையும் எடுத்துக்கட்டும்” என்றான். சோதித்துப் பார்த்ததில் அவனுக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. கொடுக்கப் போனவன் கையில் மாத்திரையோடு திரும்பிவந்தான். போகிற வழியெல்லாம் வண்டியில் இருக்கும் கிரீம் பன்னில் கை வைத்ததன் பலன்.

மகள், “நான் தர்றேம்மா” என்றாள். தாய் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். “நான் உனக்குக் குடுத்தவ. உன்கிட்ட கை நீட்டமாட்டேன். இன்னொரு தடவை இந்தப் பேச்சு வந்துச்சு, டயாலிசிஸுக்கே போகமாட்டேன்.”

மிச்சம் ரொட்டிக்காரர்தான். ஒரே குரூப். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. அடுப்பு வேலை செய்த உடம்பு. திசுப் பொருத்தம் பார்த்தார்கள். அண்ணன் தம்பிக்குள் இருக்கிற அளவு புருஷன் பெண்டாட்டிக்குள் இருக்காது, பார்க்கிற ஆறு அடையாளத்தில் ஒன்றுதான் ஒத்துப்போகிறது, ஆனாலும் மருந்து கொடுத்துச் சமாளிக்கலாம் என்றார் கிட்னி டாக்டரம்மா.

“கல்யாணத்துக்கே பொருத்தம் பாக்காம கட்டிக்கிட்டோம். கடைசில ஆறுல ஒண்ணாம். அந்த ஒண்ணு எதுன்னு கேட்டு வச்சுக்கணும்” என்றாள் மனைவி.

“ரெண்டு பேருக்கும் உன் தம்பியைப் பிடிக்காது. அதுவா இருக்கும்” என்றார் இவர்.

ஆபரேஷனுக்கு முன் ஒரு சின்ன அறையில் இருவரையும் உட்காரவைத்து, இளவயசு டாக்டர் ஒருவர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். எத்தனை பிரசவம், என்னென்ன மாத்திரை, சின்ன வயதில் என்னென்ன காய்ச்சல். இருவரும் பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களாம்மா?”

ரொட்டிக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. “அது ஒரு பெரிய கதை டாக்டர்...” என்று வாயைத் திறந்தார். மேஜைக்கு அடியில் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. சாதாரணக் கிள்ளு இல்லை, சதையைப் பிடித்துத் திருகினாள்.

“ரத்தமெல்லாம் ஏத்தல டாக்டர். இவர் இப்படித்தான், எதைக் கேட்டாலும் கதை சொல்ல ஆரம்பிச்சுடுவார். நீங்க மேல கேளுங்க” என்றாள்.

ரொட்டிக்காரரும் கதையை விழுங்கிக்கொண்டார். கிள்ளுக்குப் பயந்து மட்டும் இல்லை. அவருக்கும் அது சரியென்றே பட்டது. ரத்தம் ஏற்றுவது என்றால் முன்பின் தெரியாதவர் ரத்தத்தை எங்கிருந்தோ வாங்கிவந்து ஏற்றுவது. இது வீட்டு ரத்தம். அவளுக்கு அவர் ஊட்டிய சோறு மாதிரி. அதைப்போய் யாராவது ஆஸ்பத்திரியில் சொல்வார்களா?

கடைசிச் சோதனையாக அவர் ரத்த அணுவையும் அவள் ரத்தநீரையும் குழாயில் கலந்து பார்த்தார்கள். சண்டை இல்லை, ஒத்துப்போகிறது என்றார்கள். ஆபரேஷன் நடந்தது.

ஒருத்தி ஒன்றுக்குப் போனதற்கு ஒரு குடும்பமே நின்று அழுததை யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அவர்கள் அழுதார்கள். வைத்த கிட்னி ஆபரேஷன் மேஜையிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டது. பையில் மஞ்சளாகச் சொட்டுச் சொட்டாக நிரம்புவதை மகள் வீடியோ எடுத்து, அடுத்த வார்டில் விலாவில் தையலோடு படுத்திருந்த தகப்பனிடம் காட்டினாள். ரேடியோவுக்கு வாழ்க்கையில் முதல் முறையாகப் பேச்சு வரவில்லை.

மூன்றாம் நாள் ரொட்டிக்காரர் விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். உள்ளே அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகத்தில் வீக்கம் வடிந்து, கல்யாணத்தன்று பார்த்த தாடை எலும்பு திரும்ப வந்திருந்தது. நர்ஸ் நீட்டிய தம்ளரை வாங்கினாள். தம்ளர் நிறைய, விளிம்பு வரை தண்ணீர். அவரைப் பார்த்துக்கொண்டே, அவசரமே இல்லாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். குடித்துவிட்டுக் காலித் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். ரொட்டிக்காரருக்கு அந்த நிமிஷமே செத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

அந்தச் சந்தோஷம் எட்டு நாள்கூட நிற்கவில்லை. பையில் விழுவது குறைந்தது. பிறகு கலங்கலாக விழுந்தது. கிட்னி வைத்த இடம் அடிவயிற்றில் கல்லாகக் கனத்து வலித்தது. ஊசி விட்டு ஒரு துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா ரொட்டிக்காரரை மட்டும் தன் அறைக்கு அழைத்தார்.

“உங்க கிட்னியை அவங்க ரத்தத்துல இருக்கிற ஆன்டிபாடி தாக்குது. வெளியாள் யாராவது உள்ள வந்தா புடிக்கிறதுக்கு நம்ம உடம்பு வச்சிருக்கிற காவலாளி அது. ஒருதடவை பாத்த ஆளை மறக்காது.”

“கலந்து பாத்தீங்களே டாக்டரம்மா? ஒத்துப்போகுதுன்னீங்களே?”

“பாத்தோம். அப்ப அது எங்க கண்ணுல படாத அளவுக்குக் குறைஞ்சு கெடந்திருக்கு. ஆனா உடம்புக்கு ஞாபகம் இருந்திருக்கு. கிட்னி உள்ள போனதும், அட, பழைய ஆளுன்னு கண்டுபுடிச்சுக் கெளம்பிடுச்சு. பிள்ளை பெத்தவங்களுக்கு இது வரலாம். பிள்ளையில பாதி அப்பாதானே? ஆனா இவ்வளவு வேகமா வருதுன்னா, இன்னும் பலமா எங்கயோ பழகியிருக்கு. ரத்தம் எதுவும் ஏத்தலைன்னுதானே சொன்னீங்க?”

“வெளி ரத்தம் எதுவும் ஏத்தல டாக்டரம்மா.”

“வெளி ரத்தம்னா?”

ரொட்டிக்காரர் விலாவைப் பிடித்துக்கொண்டார். “என் ரத்தம்தான்... பிரசவத்தப்ப ஏத்துனாங்க.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை.

“தெரிஞ்சிருந்தாலும் இப்படியே ஆகியிருக்கலாம். நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா தெரிஞ்சிருந்தா இன்னும் துருவிப் பாத்திருப்போம். முன்கூட்டியே ரத்தத்தை வடிகட்டி, மருந்தைக் கூட்டியிருப்போம். இல்லன்னா உங்க கிட்னியே வேணாம்னு வேற வழி பாத்திருப்போம். சரி, விடுங்க. இப்ப காப்பாத்தப் பாப்போம்.”

“அவளைக் காப்பாத்துறதுக்குத்தானே குடுத்தேன் அன்னிக்கி?” என்றார் ரொட்டிக்காரர்.

“காப்பாத்துனீங்க. அன்னிக்கு நீங்க குடுக்கலைன்னா இன்னிக்கி அவங்க இல்ல” என்றார் டாக்டரம்மா. நல்ல வார்த்தைதான். ஆனால் அது அவர் காதோடு நின்றுவிட்டது.

வார்டு வரைக்கும் போகிற அந்த நீள நடையில் அவருக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. கிள்ளினது அவள். ஏத்தலைன்னு வாயால் சொன்னது அவள். இது அவளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் நோயைவிட அதுவே அவளைத் தின்றுவிடும்.

“என்ன சொன்னாங்க?” என்றாள்.

“மருந்து அளவு சரியில்லையாம். மாத்தப்போறாங்களாம்.”

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி” என்றாள்.

இயந்திரத்தில் அவள் ரத்தத்தை ஓடவிட்டு, ஆன்டிபாடி மிதக்கும் நீரைப் பிரித்தெடுத்துக் கொட்டினார்கள். எடுக்க எடுக்க உடம்பு புதிதாகச் செய்துகொண்டே இருந்தது. அவள் குளிரில் உதறினாள். பக்கத்துக் கட்டில்காரம்மா தன் போர்வையையும் எடுத்துப் போர்த்திவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து தன் வியாதிக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாள். விலை உயர்ந்த ஊசிகள் போட்டார்கள். ஒருநாள் பை காலியாகவே தொங்கியது. மறுநாளும் அப்படியே. பழையபடி டயாலிசிஸ் என்றார்கள். ரொட்டிக்காரரின் கிட்னி அவள் அடிவயிற்றில் செத்துக் கிடந்தது. இப்போதைக்கு அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தார்கள். கடை திறந்தார்கள். சின்னப் பாட்டில் மறுபடி கல்லாவுக்கு வந்தது. ரொட்டிக்காரரால் முன்போல மூட்டை தூக்க முடியவில்லை. ரேடியோதான் தூக்கிப் போட்டான். அடுப்பின் அடி ஆழம் வரை நீளத் துடுப்பை விட்டுத் தட்டுகளை இழுக்கும்போது விலாவில் சுரீர் என்று பிடிக்கும். அவர் அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. எதைப் பற்றியுமே மூச்சு விடவில்லை. புது ஆட்கள் வந்தார்கள், பன் வாங்கினார்கள், போனார்கள். கதை வரவில்லை.

“என்ன மாமா, கடையே சப்புன்னு இருக்கு? அந்த மூணு பாட்டில் கதையை எடுத்து விடுறது!” என்றான் ரேடியோ ஒரு மத்தியானம். இரண்டு பேர் ரஸ்க் வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

“வேலையப் பாருடா” என்று சீறினார். தட்டு ஒன்று கைதவறிக் கீழே விழுந்து, பன்கள் தரையெல்லாம் உருண்டன. ரேடியோ குனிந்து பன்களைப் பொறுக்கினான். கல்லாவில் இருந்தவள் ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

மகள் சும்மா இருக்கவில்லை. தாய்க்குத் தெரியாமல் டாக்டரம்மாவிடம் போய், “என்னுதை எடுத்துக்குங்க” என்று நின்றாள். திரும்பிவந்து தகப்பனைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“என்னுதும் ஆகாதாம்பா. என்கிட்ட பாதி உங்க அடையாளமாம். அம்மா உடம்பு இப்ப உங்களைத்தான் தேடிப்புடிச்சு அடிக்குதாம். நான் குடுத்தாலும் உள்ள இருக்கிற உங்களை அடிக்குமாம்.” சொல்லும்போதே அழுதுவிட்டாள். “உங்களைன்னா என்னப்பா? நீங்க என்ன பண்ணீங்க?”

ரொட்டிக்காரர் பிசைந்த மாவுக்குள் கையை வைத்தபடியே நின்றார். வாய் வரைக்கும் வந்தது. கல்லாப் பக்கம் பார்த்துவிட்டு விழுங்கினார். “எனக்கென்னம்மா தெரியும்? ஏதோ டாக்டர் பாஷை” என்றார். ஒரு பாட்டில் ரத்தத்தால் மகளின் வழியையும் அடைத்துவிட்டோமே என்று உள்ளுக்குள் வெந்தார்.

இனி ஒரே வழி, இறந்துபோனவர் யாருடைய கிட்னியாவது கிடைப்பது. அதற்குப் பெயர் பதியப் போனார்கள். ஆன்டிபாடி இவ்வளவு ஏறியவளுக்கு ஒத்துப்போகிற ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு, வருஷக்கணக்கில் ஆகலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். அதே சின்ன அறை. அதே இளவயசு டாக்டர். அதே கேள்விகள். எத்தனை பிரசவம், என்னென்ன மாத்திரை. ரொட்டிக்காரருக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியும். டாக்டரம்மா இந்த இளவயசு டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி வைத்திருப்பாரா, அவர் அவள் எதிரில் கேட்டுவிடுவாரா? வேர்த்துக் கொட்டியது.

“எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களாம்மா?”

ரொட்டிக்காரர் தரையைப் பார்த்தார். தொடையை இறுக்கிக்கொண்டார். கிள்ளு விழவில்லை.

“ஏத்தியிருக்கு டாக்டர். பிரசவத்தப்ப. இவர் ரத்தம்தான்” என்றாள் அவள்.

அவர் சடாரென்று திரும்பினார்.

“அப்படி முழிக்காதீங்க” என்றாள் அவரைப் பார்த்து. “ஆஸ்பத்திரியில இருக்கும்போதே எனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டில்காரம்மா கேட்டா, ஏம்மா, முன்ன பின்ன ரத்தம் ஏத்தியிருக்கியா, எனக்கு அதனாலதான் இப்படி ஆச்சுன்னா. அப்பவே எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. கிள்ளுன கை இந்தக் கைதானே?”

“நீ ஏன் சொல்லல?”

“நீங்க ஏன் சொல்லல? மருந்து அளவு சரியில்லைன்னு எவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொன்னீங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீங்க இன்னும் ஒடிஞ்சுபோயிடுவீங்கன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன். கடையில ஒரு சிரிப்புச் சத்தம் இல்லாம, ரெண்டு பேரும் திருடங்க மாதிரி எத்தனை நாளைக்குங்க இருக்கிறது?”

அவர் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். விரல் இடுக்கில் காலையில் பிசைந்த மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

இளவயசு டாக்டர் பேனாவோடு தயங்கினார். “எத்தனை பாட்டில்னு ஞாபகம் இருக்காம்மா?”

“மூணு” என்றாள் அவள்.

“ஒண்ணு” என்றார் ரொட்டிக்காரர்.

“என்னது?”

“ஒண்ணுதான். ஒரு ஆளுகிட்ட ஒரே நாள்ல மூணு பாட்டில் எடுப்பாங்களா? மத்ததெல்லாம் நான் சேத்துக்கிட்டது.”

அவள் வாயைப் பிளந்தபடி அவரைப் பார்த்தாள். “அடப்பாவி மனுசா! மூணு பாட்டிலு, மூணு பாட்டிலுன்னு சொல்லியே என்னை எத்தனை சண்டையில தோக்க வச்ச நீ!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க அடிவயிற்றில், அவர் கொடுத்தது செத்துக் கிடந்த இடத்தில், வலித்தது. அந்த இடத்தைக் கையால் அமுக்கிக்கொண்டு சிரித்தாள். ரொட்டிக்காரரால் சிரிக்க முடியவில்லை. பெரிய ஆம்பிளை, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“அழாதீங்க. அன்னிக்கு இந்த டாக்டர்கிட்ட கதையைச் சொல்ல வந்தீங்க. நான் நிறுத்திட்டேன். இப்ப சொல்லுங்க.”

“இப்ப எதுக்கு?”

“சொல்லுங்கன்னா சொல்லுங்க. டாக்டர் கேக்கட்டும்.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். ரொட்டிக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆரம்பித்தார். வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டியதைச் சொன்னார். ஆள் வந்ததையும், கை கழுவாமல் ஓடியதையும், பெஞ்சில் படுத்ததையும் சொன்னார். நர்ஸம்மா கையெல்லாம் மைதா என்றார். உள்ளே போனது ரத்தமா மாவா என்று இன்றைக்கும் சந்தேகம் என்றார். அதற்குமேல் அவருக்கு வரவில்லை.

அவள் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்த தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

“அதான் நான் வருஷா வருஷம் உப்பிக்கிட்டே போறேன் டாக்டர்” என்று அவளே முடித்துவைத்தாள்.

வழக்கமாக எல்லோரும் சிரிக்கிற இடம் அது.